பிறவித் திமிர்

— ஹைதராபாத்தையும் செகந்திராபாத்தையும் ஒரே சல்லடையில போட்டுச் சலிச்சுப் பாரு, ஸ்டெல்லாக்கா. திமிர் புடிச்சவன்னு ஆஸ்பத்திரியே ரப்பர் ஸ்டாம்ப் குத்தி எழுதிக் குடுத்த ஒரே ஆம்பளை நான்தான். அதுவும் பிறவியிலேருந்தே திமிராம்.

— டேய் ஆரோக்கியம், காலங்காத்தால என் வாயைக் கிளறாத. அந்த வலது காலைத் தூக்கி ஸ்டூல் மேல வை. எக்சர்சைஸ் குடுக்க ஸ்ரீஜா இப்ப வந்துரும்.

— காலு தூங்குது. ஏழு வாரமாத் தூங்குது. ரயில்வேயில இருந்திருந்தா இந்நேரம் காலை மட்டும் சஸ்பெண்டு பண்ணியிருப்பாங்க.

— கையாலயாவது தூக்கி வையேன்டா.

— வச்சாச்சு. லாலாகுடா ஒர்க்‌ஷாப்புல நாப்பது டன் பெட்டியைக் கிரேன்ல தூக்கி, ஒரு நூல் பிசகாம சக்கரத்து மேல இறக்கினவன்கிட்ட, ஒரு தொடையைத் தூக்கச் சொல்ற.

— போன வாரம் இருபது டன்னுன்னு சொன்ன.

— நான் ரிட்டயராகி நாலு வருஷமாச்சுல்ல. அதுவும் வெயிட்டு போட்டிருக்கும்.

— மாதாவே! எனக்கு உன்கூட மல்லுக்கட்ட நேரமில்லடா. நாளைக்குப் பத்து மணிக்கு உனக்கு செக்கப்பு. அப்பவே அந்த சூப்பரிண்டெண்ட் கையில இந்த லெட்டரைக் குடுத்துரணும். கிழிச்சுக் கிழிச்சு எழுதி, இது நாலாவது.

— அந்த நர்ஸ் பொண்ணு ஸ்மிதா மேல கம்ப்ளெயின்ட்டா? நக்கோ அக்கா, வேணாம். வேலைக்குச் சேந்து ஆறு மாசம்கூட ஆகல அதுக்கு. விட்டுரு.

— நீ விடுவ. போனது உன் கிட்னியா? அறுபத்தாறு வயசுல திருச்சியிலேருந்து வண்டியேறி வந்து, வயித்தைக் கிழிச்சுக் குடுத்திருக்கேன். எதுக்குக் குடுத்தேன்? தம்பி நாலு இடம் நடமாடட்டும்னு குடுத்தேனா, ஸ்டூல்ல காலை நீட்டிக்கிட்டுப் பட்டம் வாங்கிட்டேன்னு பினாத்தட்டும்னு குடுத்தேனா?

— உன் கிட்னிக்கு என்ன கொறைச்சல்? அது ராஜதானி கணக்கா ஓடுது. ரெண்டு வருஷம் டயாலிசிஸ்ல கிடந்தவன் நான், ஒரு சொட்டு மூத்திரம் வந்ததில்ல. அதை உள்ள வச்சுத் தைச்சு கிளிப்பை எடுத்தாங்க பாரு, தீயணைப்பு வண்டி மாதிரி அடிச்சுச்சாம். தியேட்டர் சீலிங் ஃபேனே நனைஞ்சு போச்சாம்.

— ஆப்பரேஷன் தியேட்டர்ல ஏதுடா சீலிங் ஃபேன்?

— அதான், அன்னையிலேருந்து கழட்டிட்டாங்க.

— இந்த வாய்! இந்த வாயாலதான்டா நீ கெட்ட. 'என் காலைக் காணோம், எவனோ கழட்டி காஜிப்பேட்டைக்கு பார்சல் போட்டுட்டான்'னு டாக்டர்கிட்டச் சொன்னியா இல்லையா?

— சொன்னேன். தெலுங்குல ஒருவாட்டி, ஹிந்தியில ஒருவாட்டி. வார்டே விழுந்து விழுந்து சிரிச்சுது.

— சிரிச்சுட்டு அவங்க போயிட்டாங்க. விழுந்தது நீ. 'தொடையில உணர்ச்சி இல்ல டாக்டர், முட்டி நிக்க மாட்டேங்குது'ன்னு மனுஷன் மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அஞ்சாம் நாள் பாத்ரூமுக்குன்னு எந்திரிச்ச, முட்டி மடங்குச்சு, வாஷ்பேசின்ல போய்த் தாடையை இடிச்ச. நாலு தையல். நான் முப்பது வருஷம் கான்வென்ட்டுல தையல் டீச்சர்டா. அவ்வளவு கோணல் தையலை ஆறாங்கிளாஸ் பிள்ளைகூடப் போடாது.

— தாடி வளந்தா மறைஞ்சுரும். அந்தத் தையலுக்காகவா இந்த லெட்டரு?

— இதுக்காகத்தான். கேளு. இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன், தமிழ்ல சொல்றேன். 'ஐயா, கிட்னி மாற்று ஆப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாளும் நான்காம் நாளும் டியூட்டியில் இருந்த நர்ஸ் ஸ்மிதா, என் தம்பியின் கால் எப்படி இருக்கிறது என்று ஒருவரிடமும், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் விழுந்திருக்க மாட்டான்.'

— கேக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— கேட்டிருந்தா எழுதி வச்சிருப்பாள்ல?

— எழுதி வச்சிருக்காளே! அதைத்தானே காலையிலேருந்து கத்திக்கிட்டு இருக்கேன். நீ கேட்டேன்னுதானே பக்கத்து வீட்டு பாபு கேஸ் ஷீட்டு மொத்தத்தையும் ஜெராக்ஸ் போட்டுக் கொண்டாந்தான். முப்பத்தொண்ணாம் பக்கம் பாரு. திமிரி, அதுக்குப் பக்கத்துல ஒரு பிளஸ். அதாவது, திமிர் எக்கச்சக்கமா இருக்குன்னு அர்த்தம்.

— எட்டாங்கிளாஸ்ல ஒம்பது மார்க்கைத் தொண்ணூறாக்கிக் கையெழுத்து வாங்கினவன் நீ. உன் பேச்சைக் கேட்டு நான் கண்ணாடியைத் தேடவா? எந்த ஆஸ்பத்திரிலடா நோயாளிக்குத் திமிர்னு எழுதுவாங்க? சுகர், பிரஷர், திமிருன்னு வரிசையாவா?

— பிரஷர் நூத்தி முப்பது, திமிர் நூத்துக்கு நூறு.

— வாயை மூடு, பெல் அடிக்குது. மாஸ்க்கைப் போடு. வா ஸ்ரீஜா, செருப்பை வெளியவே விட்டுட்டுக் கையைக் கழுவிட்டு வா பாப்பா.

— கழுவிட்டேன் ஆன்ட்டி. நமஸ்தே அங்கிள். இன்னைக்கு எட்லா இருக்கீங்க? மெட்டுகுடா சிக்னல்ல ஆட்டோ நின்னுடுச்சு, அதான் லேட்டு.

— எனக்கென்னம்மா, சூப்பர். காலையில இந்தக் காலாலே ஒரு பூனையை உதைச்சேன். அது மௌலாலி குன்று மேல போய் விழுந்துச்சு.

— அவனைக் கேக்காத பாப்பா, என்னைக் கேளு. பெல்ட்டு போட்டு, வாக்கரைப் புடிச்சு, ஹாலுக்கும் அடுப்படிக்கும் மூணு தடவை. நாலாவது தடவை முட்டி ஆடுச்சு, நான் நாற்காலியைத் தள்ளினேன், உக்காந்துட்டான்.

— மூணு தடவை நல்லதே ஆன்ட்டி. போன வாரம் ஒண்ணுதானே. அங்கிள், முட்டிக்குக் கீழே டவல் சுருட்டி வைக்கிறேன். அதைக் கட்டிலோட சேத்து அமுக்குங்க. அமுக்குங்க... இன்னும்... வயிறு நக்கோ, தொடை மட்டும்.

— நான் அமுக்குற அமுக்குல கீழ்வீட்டுக்காரன் மேல காரை பேந்து விழும், பாரு.

— இங்க தொடுறேன். தெரியுதா?

— ஏதோ போர்வை மேல தொடுற மாதிரி இருக்கு.

— பாத்தியா பாப்பா, நீ கேட்டா ஒழுங்கா பதில் சொல்றான். இதை அங்க ஒருத்தி கேட்டிருந்தா? சரி, நீ அந்த ஆஸ்பத்திரியிலதானே வேலை பாக்குற, இந்த லெட்டரைப் படிச்சு ஸ்பெல்லிங் மட்டும் பாத்துச் சொல்லு. சூப்பரிண்டெண்ட்டுக்கு எத்தனை ஈ வருதுன்னு எனக்கு எப்பவும் தகராறு.

— ஆன்ட்டி... இது குடுக்கப் போறீங்களா?

— பின்ன, ஃபிரேம் போட்டு மாட்டவா?

— குடுக்காதீங்க ஆன்ட்டி. ஸ்மிதாவுக்கு ஏற்கெனவே மெமோ குடுத்தாச்சு. நாளைக்கு மத்தியானம் என்கொயரி. அதுல ஃபேமிலிகிட்டேருந்து லெட்டரும் வந்தா, அவ்வளவே, வேலை போயிடும். நானும் அதுவும் ஒரே ஹாஸ்டல். நாலு நாளா சோறு தின்னல அது.

— என் தம்பி ஏழு வாரமா நடக்கல.

— நடக்காம போனதுக்கு அது காரணம் இல்ல ஆன்ட்டி. நரம்பு டாக்டரும் சொன்னாரே. ஆப்பரேஷன்ல வயிறு மூடிக்காம விரிச்சுப் பிடிக்க ஒரு இரும்புக் கொக்கி வைப்பாங்க. மூணு நாலு மணி நேரம் அது அப்படியே இருக்கும். தொடைக்குப் போற நரம்பு பக்கத்துலதான் ஓடுது. அது கொஞ்சம் அமுங்கிச்சுன்னா தூங்கிப்போகும். நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு இப்படி ஆகும்.

— வைஸ் இடுக்கியில மாட்டின வயர் மாதிரிக்கா. வயர் அறுந்து போகல, நசுங்கியிருக்கு. கரண்டு மெதுவா வருது.

— ஹவ் ஆன்ட்டி, ஆமா, அங்கிள் சொல்றது கரெக்ட். முக்கால்வாசி பேருக்கு கொஞ்ச மாசத்துல திரும்ப வந்துடும். இவருக்கும் வந்துக்கிட்டே இருக்கு.

— கொக்கிதானா? நல்லாத் தெரியுமா உனக்கு? என் கிட்னி இல்லையே?

— உங்க கிட்னி என்ன பண்ணும் ஆன்ட்டி?

— ஒண்ணுமில்ல. வயசான கிட்னி, அளவு பொருந்தாம உள்ள போய் உக்காந்து, அதுதான் இவன் நரம்பை அமுக்கிக்கிட்டு இருக்கோன்னு... சட்டைக்கு அக்குள்ல கூடுதலா ஒரு துணி வச்சா கையைத் தூக்க விடாதுல்ல, அந்த மாதிரி.

— அக்கா! இதையா ஏழு வாரமா மனசுல வச்சுக்கிட்டு இருந்த?

— உன்கிட்ட சொன்னா, கிட்னிதான் பூனையை உதைச்சுதும்ப.

— ஆன்ட்டி, கிட்னி அங்க பாப்பா மாதிரி படுத்திருக்கு. ஒருத்தரை ஒண்ணும் பண்ணல. ஸ்கேன்ல நான் பாத்தேன்.

— சரி, கொக்கி அமுக்கினதுக்கு நான் யாரையும் கேக்கல. அது கெட்ட நேரம். விழுந்ததைக் கேக்குறேன். ரெண்டு நாள் முன்னாடியே கால் சரியில்லைன்னு தெரிஞ்சிருந்தா, இவனைத் தனியா எந்திரிக்க விட்டிருப்பீங்களா?

— விட்டிருக்க மாட்டோம். முட்டிக்கு பெல்ட் போட்டு, ரெண்டு பேர் பிடிச்சு எழுப்பியிருப்போம்.

— ஆங்! அவ்வளவுதான் என் கேஸு. அவ கேக்கல. கேட்டு டாக்டர்கிட்ட சொல்லல.

— அது கேட்டேன்னே சொல்லுது ஆன்ட்டி. எழுதியும் வச்சிருக்கு. டாக்டர் ரவுண்ட்ஸ்ல அதைப் பாத்து, பழைய கம்ப்ளெயின்ட் போலன்னு விட்டுட்டாரு.

— பழைய கம்ப்ளெயின்ட்டா? அறுபது வயசு வரைக்கும் சைக்கிள் மிதிச்சே ஒர்க்‌ஷாப்புக்குப் போனவன்டீ இவன்!

— தினமும் நாப்பது கிலோமீட்டர்.

— ஒண்ணரை. வாயை மூடு. பாப்பா, என்னத்த எழுதி வச்சிருக்காளாம்?

— ஸ்ரீஜாம்மா, நீயே அந்த முப்பத்தொண்ணாம் பக்கத்தை எடுத்துப் படி. நான் படிச்சா மகாராணி நம்ப மாட்டாங்க.

— வேண்டாம் அங்கிள்.

— ஏன் வேண்டாம்? படி.

— அங்கிள், வேண்டாம்னு நேத்தே போன்ல சொன்னேன்ல.

— என்ன ரெண்டு பேரும் கண்ணு காட்டுறீங்க? குடு இப்படி. எங்க என் கண்ணாடி? இந்த எழுத்தைப் பாரு, எறும்பு மைல விழுந்து எந்திரிச்ச மாதிரி. தி... ம்... மி... ரி. அடப்பாவி! நெசமாவே எழுதியிருக்காடா. ஒரு நோயாளியைப் போய்த் திமிருன்னு எழுதியிருக்கா!

— நான்தான் சொன்னேன்ல?

— இதுக்கே தனியா ஒரு லெட்டர் எழுதணும். ஒரு பெரிய மனுஷனை, ரிட்டயர்டு ஃபிட்டரை... உனக்குத் திமிர்னு நான் சொல்லலாம்டா, உங்கூடப் பொறந்தவ நான். அவ யாரு சொல்ல?

— ஐயோ ஆன்ட்டி, அது திமிர் இல்ல. திம்மிரி. தெலுங்கு வார்த்தை. நான் லாலாகுடா குவார்ட்டர்ஸ்ல தமிழ் ஆளுங்க மத்தியில வளந்தவ, எனக்கு ரெண்டும் தெரியும். உங்க திமிர் வேற, எங்க திம்மிரி வேற.

— உங்க திம்மிரின்னா என்ன?

— மரத்துப் போறது. கால் மரத்துப் போச்சுன்னு சொல்வீங்களே, அதுவே. ஸ்மிதாவுக்கு அந்த நேரம் இங்கிலீஷ் வார்த்தை ஞாபகம் வரல, தெலுங்கையே இங்கிலீஷ் எழுத்துல எழுதிடுச்சு. 'திம்மிரி பிளஸ்.' கால் மரத்திருக்குன்னு அர்த்தம்.

— அப்ப, கேட்டிருக்கா.

— ஹவ் ஆன்ட்டி. இவரைத்தான் முதல்ல கேட்டுச்சு. இவரு, காலு காஜிப்பேட்டையில இருக்குன்னு சொன்னாரு. நெசமா ஜோக்கான்னு அதுக்குத் தெரியல. அதனால கூட இருந்தவங்களைக் கேட்டுச்சு.

— எப்படிக் கேட்டுச்சு?

— எப்படின்னா?

— எந்த வார்த்தையில கேட்டுச்சுன்னு கேக்குறேன். நீங்க எப்படிக் கேப்பீங்களோ அப்படியே சொல்லு.

— 'ஆயனகி திம்மிரி உந்தா, அம்மா?' அவருக்கு மரத்துப்போறது இருக்கா அம்மான்னு.

— இன்னொரு தடவை சொல்லு. மாஸ்க்கோட சொல்லு.

— திம்மிரி உந்தா, அம்மா?

— அக்கா?

— தண்ணி குடுடா. இல்ல, நீ எந்திரிக்காத. பாப்பா, நீ குடு.

— இந்தாங்க ஆன்ட்டி. மெதுவா.

— அந்த ஸ்மிதா... குட்டையா இருக்குமா? வலது புருவத்துல ஒரு வெட்டு?

— ஹவ்.

— நாலாம் நாள் சாயங்காலம். என்னை டிஸ்சார்ஜ் பண்ற அன்னைக்கு, அஞ்சு நிமிஷம் இவனைப் பாத்துட்டுப் போங்கன்னு பச்சைக் கவுனு, தொப்பி எல்லாம் மாட்டி உள்ள விட்டாங்க. அன்னைக்கு இவன் பக்கத்துல நின்னுச்சே, அந்தப் பொண்ணா?

— அதே ஆன்ட்டி.

— என்ன ஆரோக்கியம், சத்தத்தையே காணோம்? ஏழு வாரத்துல உன் வாய் மூடியிருக்கிறது இதான் மொத தடவை.

— பல்லு கூசுதுக்கா.

— பொய். திம்மிரிக்குப் பக்கத்துல இன்னும் என்னமோ இருக்கு. எனக்கு எழுத்து ஆடுது. நீ படி பாப்பா.

— 'பை பர்த்'னு இருக்கு ஆன்ட்டி. அப்புறம்... 'டோல்டு பை சிஸ்டர்.'

— சிஸ்டர்.

— ம்.

— சிஸ்டர்னா நர்ஸுதானே பாப்பா? வேற ஏதாவது நர்ஸு வந்து சொல்லியிருப்பா. அப்படித்தானே?

— மேட்ரன் மேடமும் அப்படியே நினைச்சாங்க. எந்த சிஸ்டர், பேர் சொல்லுன்னு ஸ்மிதாவைத் திட்டினாங்க. அன்னைக்கு அந்த வார்டுல டியூட்டி இருந்தது அது ஒண்ணே. பொய் சொல்றேன்னு மெமோ குடுத்துட்டாங்க.

— அது யாருன்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே அந்தப் பொண்ணு?

— சொல்லல ஆன்ட்டி. ஹாஸ்டல்ல எங்கிட்ட மட்டும் சொல்லுச்சு. வயித்துல பச்சைத் தையலோட வந்து நிக்கிறவங்களை எப்படி மாட்டிவிடுறதுன்னு அழுதுச்சு.

— உனக்குத் தெரியுமாடா இது?

— நேத்து தெரிஞ்சுதுக்கா. அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு, இது என்னம்மான்னு ஸ்ரீஜாவுக்கு போன் போட்டேன்.

— தெரிஞ்சுக்கிட்டேதான் காலையிலேருந்து சர்டிபிகேட்டு, பட்டம்னு டமாரம் அடிச்சியா?

— நேரா சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? நான் சொன்னா மணி பத்துங்கிறதையே ரெண்டு கடியாரத்துல பாக்குறவ நீ.

— அந்த லெட்டரை இப்படிக் குடு பாப்பா.

— விடுக்கா. லெட்டரைக் கிழிச்சுப் போட்டுட்டு ஒரு டீ போடு. ஸ்ரீஜாவுக்கும் சேத்து. நாளைக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்.

— குடுக்கணும்டா. குடுக்காம இருந்தா அந்தப் புள்ளை வேலை போகும். பேனாவை எடு பாப்பா. கீழ உருண்டு கிடக்கு பாரு. மூணாவது வரி தப்பு.

— என்னன்னு மாத்தணும் ஆன்ட்டி?

— 'ஒருவரிடமும் கேட்கவில்லை'ங்கிறதை அடி. கேட்டா. அந்தப் பொண்ணு குனிஞ்சு, என் காதுகிட்ட வந்து, அம்மான்னு மரியாதையாக் கூப்பிட்டுத்தான் கேட்டா. எனக்கு அது 'திமிரு உண்டா'ன்னு விழுந்துச்சு. தையல் இழுக்க இழுக்க வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சு, 'பை பர்த், சிஸ்டர், பை பர்த்'னு நான்தான் சொன்னேன்.